தரையில் முப்பது நாள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பாதி நாளிலேயே கிரேனை விட்டு இறங்கிவிட்டேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. நானாகத்தான் இறங்கினேன். இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே என் மனசு கதையை மாற்றிச் சொல்லும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் மறுபடி ஏறினேன். இருநூற்று நாற்பது படி. பதினோரு வருஷமாகக் கட்டிடம் மாறுகிறது, ஏணி அதே ஏணிதான். மேலே கேபினில் உட்கார்ந்து லிவரைப் பிடித்ததும் எல்லாம் பழையபடி இருந்தது. ஐந்து சுமை ஒழுங்காகப் போனது. ஆறாவது, கான்கிரீட் வாளி. எட்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே மனசு ஜனவரி இருபதாம் தேதிக்குப் போய்விட்டது. கை இங்கே, தலை அங்கே.

கீழே நின்று வாக்கி டாக்கியில் எனக்கு வழி சொல்கிறவனை எல்லோரும் கொக்கு என்பார்கள். ஒல்லியான உயரமான ஆள், எப்போதும் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பான். “நிறுத்துங்கக்கா” என்று இரண்டு தடவை சொன்னானாம். எனக்குக் கேட்கவே இல்லை. மூன்றாவது தடவை கத்தினான். நிறுத்தினேன். வாளிக்குக் கீழே யாரும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை, சரி. ஆகியிருந்தால்?

வாளியைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு என்ஜினியரைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் போடச் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது சார், தலைதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்றேன். இறங்கினேன்.

ஜனவரி இருபது அன்று நடந்ததை ஒரே ஒரு தடவை, சுருக்கமாக எழுதுகிறேன். ஏழாவது மாடிக்குக் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் திடீரென்று காற்று. கட்டு ஊசலாடி, கட்டிடத்தின் விளிம்பில் இருந்த சாரத்தில் மோதியது. அங்கே பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சர், அதே தளத்தில் பலகைக் குவியல் மேல் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. எதிர்பாராத காற்று, ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். காகிதத்தில் முடிந்துவிட்டது. எனக்குள் முடியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

என்ஜினியர் நேர்மையாகப் பேசினார். இன்னொரு கட்டிடத்திலிருந்து ஒரு ஆபரேட்டரை முப்பது நாளைக்கு வாங்கியிருக்கிறார்கள். அதுவரை எனக்குக் கீழே வேலை: தூக்கும் பெல்ட், சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது. மார்ச் ஐந்தாம் தேதி சோதனைத் தூக்கு. அதற்கு முன்னால் மனநல ஆலோசகரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் கேபின் என்னுடையது. இல்லாவிட்டால் அந்த ஆளே நிரந்தரம்.

சரி. முப்பது நாள். பார்த்துவிடலாம்.

வீட்டில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே நடுவில் நான் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. மகள் அப்பாவிடம் சொல்கிறாள்: “மெதுவா பேசுங்கப்பா, அம்மா மீட்டிங்ல இருக்காங்க.”

பதினாலு வயசு. நாக்கு மட்டும் நாற்பது.

பிப்ரவரி 5, வியாழன்

இனிமேல் அதை நினைக்கவே கூடாது என்று காலை ஆறு மணிக்கு முடிவெடுத்தேன். ஆறு ஐந்துக்கு நினைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நான்கு நாளாக என்னோடு நானே மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். நினைக்காதே, நினைக்காதே என்று அதட்டினால் அது இன்னும் குரலை உயர்த்துகிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது. துணி மடிக்கும்போது வருகிறது. குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாம், வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான். கேபினில் காற்றின் வேகத்தைக் காட்டும் சின்னத் திரை இருக்கிறது. மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் தூக்கக் கூடாது என்பது எங்கள் இடத்து விதி. தூக்குவதற்கு முன் பார்த்தேன், இருபத்தாறு. அது நிச்சயம். பாதியில் இன்னொரு தடவை பார்த்தேனா?

சில நாள் ஞாபகத்தில் நான் பார்க்கவே இல்லை. சில நாள் பார்த்தேன், நாற்பத்தொன்று என்று சிவப்பில் இருந்தது, பார்த்தும் தூக்கினேன். யோசிக்க யோசிக்க அந்த எண் இன்னும் பளிச்சென்று ஆகிறது. நேற்று அந்தத் திரையின் ஓரத்தில் இருந்த தூசிகூடத் தெரிந்தது. போன வாரம் தூசி இல்லையே. அப்படியானால் இது ஞாபகமா, நான் சேர்த்ததா? காற்றின் வேகம் இயந்திரத்தில் பதிவாகியிருக்கிறது, நாற்பத்தொன்றுதான். என் கண் அப்போது எங்கே இருந்தது என்று எந்த இயந்திரத்திலும் பதிவு இல்லை.

அரைத்த மாவையே அரைக்கிறேன். தெரிகிறது. ஆனால் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

அந்தத் தச்சரிடம் மனசுக்குள்ளேயே நூறு தடவை பேசியிருப்பேன். ஒரு தடவை என்னைத் திட்டுகிறார். ஒரு தடவை அவர் மனைவி கதவைச் சாத்துகிறாள். ஒரு தடவை மன்னித்துவிட்டேன் என்கிறார், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். நிஜத்தில் இன்னும் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கடையில் பேசுவதால் வீட்டுக்கு வந்தால் வாய்க்கு விடுமுறை. இன்று மட்டும் பேசினார். “தினமும் இருபது பேர் தலையைப் பிடிச்சுப் பார்க்கிறேன். மேல இருக்கிறதைத்தான் என்னால சீராக்க முடியும். உள்ள இருக்கிறதுக்கு அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க, போய்ப் பாரு.”

எப்படியும் கடிதத்துக்காகப் போகத்தான் வேண்டும். ஆனால் கடிதத்துக்காக மட்டும் போகப் போவதில்லை. எனக்கு என் தலை திரும்ப வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆலோசகரைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவராக இருப்பார். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஜன்னலில் ஒரு செடி. அதுவும் பாவம், வெளிச்சத்துக்காக ஒரு பக்கமாகவே வளைந்திருந்தது.

முதல் பத்து நிமிஷம் கிரேனைப் பற்றியேதான் கேட்டார். மேலே கழிவறை உண்டா என்பதுவரை. பிறகு, சுமை ஊசலாடினால் என்ன செய்வீர்கள் என்றார். நிறுத்தப் பார்த்தால் இன்னும் ஆடும், அது போகிற பக்கமே நாமும் கொஞ்சம் கையைக் கொண்டுபோனால்தான் அடங்கும் என்றேன். எழுதிக்கொண்டார். இதை வைத்தே எனக்கு ஒரு பாடம் எடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

அவர் சொன்னது இவ்வளவுதான். நினைப்பைத் துரத்த வேண்டாம், அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். தினமும் ஐந்து மணிக்கு, ஒரே நாற்காலியில், இருபது நிமிஷம். மற்ற நேரத்தில் வந்தால் ஒரே வார்த்தையில் காகிதத்தில் குறித்துக்கொண்டு, ஐந்து மணிக்கு வா என்று அனுப்பிவிட்டுக் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். “உடனே கேட்காது. நூறு தடவை வந்தா நூறு தடவை அனுப்புங்க. அலுத்துப்போறது நீங்களா அதுவான்னு பார்ப்போம்” என்றார்.

நான் அலுத்துப்போகிற ஆள் இல்லை மேடம், அதுதானே என் வியாதியே, என்றேன். சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 11, புதன்

சட்டைப் பையில் துண்டுக் காகிதம். காலையிலிருந்து மாலைவரை குறித்தவை: கண். தச்சர். கண். ஏணி. கண். கண். தச்சர் மனைவி. கண். மொத்தம் முப்பத்திநாலு.

சரியாக ஐந்து மணிக்குப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, கைகட்டி, வா என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து கதவை இடித்தவர்களில் ஒருத்தரையும் காணோம். எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணியை எண்ணிக்கொண்டு இருபது நிமிஷம் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு வெங்காயம் நறுக்கும்போது மொத்தமாக வந்தார்கள். நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்னைக்கு எழுதவே பிடிக்கல.

பள்ளிக்கூடத்துல நீச்சல் வகுப்பு ஆரம்பிக்கிறாங்களாம். கையெழுத்துக்காக மக ஒரு தாளை நீட்டினா. ஒரு கையெழுத்துதானே? போட வேண்டியதுதானே? நான் ஆரம்பிச்சேன். எவ்வளவு ஆழம், எத்தனை டீச்சர், ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை, தரை வழுக்குமா, யாராவது தள்ளிவிட்டா என்ன பண்ணுவே, தள்ளிவிட்டதை டீச்சர் பார்க்கலைன்னா என்ன பண்ணுவே—

அவ அழுதுட்டா. கோபத்துல இல்ல. சாதாரணமா, களைச்சுப்போய்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கிறதுக்கு முன்னாடியே எனக்குப் பயம் வந்துடுதும்மா. கேட்டு முடிக்கிறதுக்குள்ள நான் தண்ணியில செத்தே போயிடறேன்.”

அந்தத் தாளைக் கிழிக்கப் போனா. நான்தான் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பார்க்காமலே போட்டேன்.

இது என் தலைக்குள்ள மட்டும் நடக்கிற விஷயம்னு நினைச்சிட்டிருந்தேன். இல்ல. இந்த வீட்டுல எல்லாரும் அதுக்குள்ளதான் குடியிருக்காங்க. கேபின் கிடைக்குதோ இல்லையோ, இதை நான் விடப்போறதில்ல.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று நல்ல நாள். அப்படி எழுதினால் கண்ணேறுபட்டுவிடுமோ என்று ஒரு நொடி தோன்றியது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

தூக்கும் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவிக்கொண்டே போகவேண்டும். நாற்பதுக்கு மேல் இருக்கும். பதினேழாவதோ பதினெட்டாவதோ, விரலில் ஏதோ நெருடியது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. வெளியே பார்த்தால் புத்தம்புதுசு மாதிரி. இரண்டாக வெட்டி எறிந்தேன். அப்படித்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள்.

பிறகு மணியைப் பார்த்தால் பதினொன்றரை. ஒன்பது மணியிலிருந்து ஒரே ஒரு தடவைதான் காகிதத்தில் குறித்திருக்கிறேன். இரண்டரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன்? இங்கேதான். விரல் நுனியில்.

கீழே வேலை கொடுத்தது எனக்கு அவமானமாக இருந்தது உண்மை. இன்று இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆலோசகரிடம் ஒரு வாரத்துக் காகிதங்களை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். இருவரும் சேர்ந்து பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதற்கு இன்றைக்கோ நாளைக்கோ நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு பக்கம். இல்லாவிட்டால் இன்னொரு பக்கம்.

“கண்” என்று எழுதியவை எல்லாம் இல்லாத பக்கம். மலை மாதிரி குவிந்தது. பார்த்தேனா இல்லையா என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது. அதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. தலையில் கல் விழவில்லை, அறை அப்படியே இருந்தது.

“தச்சர்” என்று எழுதியதையும் நான் அந்தப் பக்கமே தள்ளினேன். ஆலோசகர் அதை எடுத்து மறுபக்கம் வைத்தார். “இது யோசனை இல்லையே. இது ஒரு வேலை. பஸ் ஏறிப் போற வேலை.”

பிப்ரவரி 18, புதன்

போகவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

பஸ் நிறுத்தம்வரை போனேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். திரும்பிவிட்டேன். ஆனாலும் நேற்றைவிட இன்று நாலு தெரு அதிகம்.

பிப்ரவரி 21, சனி

போனேன்.

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதவேண்டும். இனிமேல் மனசு புதுசாக எதையும் சேர்க்கக் கூடாது.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. தச்சரின் மனைவிதான் கதவைத் திறந்தார். யாரென்று சொன்னேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, “கிரேன் ஓட்டுற அம்மா வந்திருக்காங்க” என்றார். கதவைச் சாத்தவில்லை. என் நூறு கற்பனையில் ஒன்றுகூட இப்படி ஆரம்பித்ததில்லை.

தச்சருக்கு ஐம்பது வயசு இருக்கும். வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்க, இடது கையால் ஒரு ஸ்டூல் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். ஸ்டூலைக் காட்டி, இதில் மட்டும் உட்காராதீங்க, இடது கை வேலை என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“நீங்க மேல இருந்து பார்த்தீங்கல்ல? நான் எப்படிம்மா விழுந்தேன்?”

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். ஆணியடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஆம்புலன்ஸ் கூரைதான் ஞாபகம். நடுவில் ஒன்றுமே இல்லை. கூட வேலை செய்தவர்கள், அவர் பயந்துபோய்த் தன் பலகையிலேயே தடுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். முப்பது வருஷம் உயரத்தில் நின்று வேலை செய்த மனுஷன், தடுக்கி விழுந்தேனா என்று ஒரு மாசமாக யோசித்துக்கொண்டே இருக்கிறார். யாரிடமும் கேட்க முடியவில்லை. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

நான் மட்டும்தான் யோசிக்கிறேன் என்று நினைத்திருந்தேனே.

சொன்னேன். இத்தனை நாள் என்னைத் தின்றுகொண்டிருந்த அதே காட்சியை முதல் தடவையாக இன்னொரு ஆளுக்காக, மெதுவாக, வரிசையாகச் சொன்னேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். சுத்தியலைக் கீழே போட்டீர்கள். வெளிப்பக்கம் போகாமல் உள்பக்கமாக, பின்னால் குதித்தீர்கள். ஒரே குதி. கட்டு மோதியது நீங்கள் நின்றிருந்த இடத்தில். அப்போது அங்கே நீங்கள் இல்லை. பலகைக் குவியல் மேல் தோள் பட்டது.

அவர் குனிந்து தன் தோளைப் பார்த்தார்.

“அப்போ தடுக்கி விழல.”

“இல்லண்ணா. குதிச்சீங்க.”

சமையலறை வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கோ” என்றார். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகுதான் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். காற்று ஏறியதைப் பாதியில் பார்த்தேனா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, பார்த்திருந்தால் தப்பு என்னுடையது. முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

“பார்த்தும் தூக்கியிருந்தா எனக்குக் கோபம் வரும்மா. பார்க்கலைன்னா வராது. உங்களுக்கே தெரியலைன்னா நான் எந்தக் கணக்குல கோபப்படறது?” கொஞ்சம் பொறுத்து, “ஆனா வேற கோபம் இருக்கு. ஒரு மாசமாச்சு. கீழ நிக்கிற அந்த நெட்டைத் தம்பி மூணு தடவை வந்தாரு. நீங்க வரல.”

அது உண்மை. உங்களோடு மனசுக்குள் பேசிப் பேசியே வந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது என்றேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. டீ வந்தது. குடித்தோம். சர்க்கரை அதிகம்.



பிப்ரவரி 22, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. “எந்தக் கணக்குல கோபப்படறது” என்று சொல்லும்போது அவர் முகம் சுருங்கியதா? டீயில் சர்க்கரை வேண்டுமென்றே போட்டார்களா?

சிரிப்பு வந்துவிட்டது. சர்க்கரைக்கெல்லாமா விசாரணைக் குழு!

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். முகம் சுருங்கியது என்று அதில் இல்லை. இல்லாவிட்டால் இல்லை. ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். வந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பிப்ரவரி 25, புதன்

மதிய இடைவேளையில் கிரேன் நின்றிருக்கும்போது ஏறினேன். என்ஜினியரிடம் அனுமதி வாங்கித்தான். நூற்றுப்பத்தாவது படியில் ஓய்வெடுக்க ஒரு தட்டு இருக்கிறது. அங்கே நின்றேன். மூச்சு வாங்கியது, மனசும் ஆரம்பித்தது: கொக்கு கத்தியது, வாளி, எட்டாவது மாடி. துரத்தவில்லை. கம்பியின் சூட்டை உள்ளங்கையில் உணர்ந்துகொண்டே நின்றேன். ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆடியது. அடங்கியது. ஏழு நிமிஷம்.

கீழே கொக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இறங்கியதும், “கழுத்து வலிக்குதுக்கா, நாளைக்குச் சீக்கிரம் முழுசா ஏறிடுங்க” என்றான்.

தச்சரை மூன்று தடவை போய்ப் பார்த்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அதையும் வைத்து யோசிப்பீர்கள் என்று விட்டுவிட்டானாம். கோபம் வந்தது. நியாயம் அவன் பக்கம்தான்.

மார்ச் 2, திங்கள்

கேபின்வரை ஏறினேன். இயந்திரத்தைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்தேன்.

அந்தச் சின்னத் திரை. ஓரத்தில் தூசியே இல்லை, புது ஆபரேட்டர் சுத்தமான மனுஷன். எண் பதினெட்டு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஜனவரியில் பார்த்தேனா என்று இதனிடம் கேட்டால் சொல்லப்போவதில்லை. ஆனால் இனிமேல் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன் என்பதை நான் நிச்சயம் செய்துகொள்ளலாமே? தூக்குவதற்கு முன் ஒரு தடவை, பாதியில் ஒரு தடவை, எண்ணைச் சத்தமாகப் படித்துக் கொக்கிடம் சொல்லவேண்டும், அவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். இரண்டு பேர் வாயில் வந்தால் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒன்றரை மாசம் யோசித்ததில் இது ஒன்றுதான் உருப்படி. இறங்கியதும் என்ஜினியரிடம் சொன்னேன். எல்லாக் கிரேனுக்கும் அப்படியே வைத்துவிடலாம் என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

ஆலோசகர் கடிதம் கொடுத்தார். மூன்றே வரி. முழுசாகக் குணமாகிவிட்டார் என்று எழுதுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன். இது காய்ச்சல் இல்லையே என்றார். கவனம் சிதறுவது தெரிந்தால் தானே நிறுத்திச் சொல்லக்கூடியவர் என்று எழுதியிருக்கிறார். அது நான் ஏற்கெனவே பிப்ரவரி மூன்றாம் தேதியே செய்தது. அதை நான் தோல்வி என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

சோதனைத் தூக்கு. கீழே என்ஜினியர், பாதுகாப்பு அதிகாரி, கொக்கு. ஒரு சிமென்ட் பாளத்தைத் தூக்கி, பாதிக் கட்டிடத்தைச் சுற்றிக் கொண்டுபோய், தரையில் சுண்ணாம்பால் போட்ட சதுரத்துக்குள் இறக்கவேண்டும். மூன்று தடவை.

முதல் தடவை சதுரத்தின் கோட்டில் லேசாகப் பட்டது. இரண்டாவது சரி. மூன்றாவது தடவை, ஏழாவது மாடியைத் தாண்டும்போது, “காத்து இருபத்திரண்டு” என்று படித்துவிட்டு வாயை மூடவில்லை, அந்த நினைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு—

“அஞ்சு மணி” என்றேன்.

“என்னக்கா?” என்றான் கொக்கு, வாக்கி டாக்கியில்.

“ஒண்ணுமில்ல தம்பி. வலது பக்கம் இன்னும் எவ்வளவு?”

“ரெண்டு மீட்டர். ஒண்ணரை. ஒண்ணு. மெதுவா. நிறுத்துங்க.”

முதல் தடவையிலேயே கேட்டது. நிறுத்தினேன். சதுரத்துக்கு நடுவில்.

இறங்கியதும் பாதுகாப்பு அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, இனிமேல் அந்த நினைப்பு வராதா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். வரும் சார் என்றேன். வரட்டும், நிறுத்த வேண்டிய நேரத்தில் கை நிற்கும், முடியாத நாள் நானே இறங்கிவிடுவேன் என்றேன். அவர் கையெழுத்துப் போட கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். போட்டார்.

நாளையிலிருந்து கேபின்.

மார்ச் 12, வியாழன்

மகள் குளத்தின் நீளத்தை முதல் தடவையாக நிற்காமல் நீந்தினாளாம். நான் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் குளிர்ந்ததா? ரொம்ப என்றாள். வாயில் வரிசை கட்டி நின்ற மற்ற முப்பத்தொன்பதையும் விழுங்கினேன். எளிதில்லை. விழுங்கினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது இந்த நோட்டு கையில் வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் எழுதவில்லை.

இன்று ஒரு வேடிக்கை. வேலை முடிந்து நாலு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அடுத்து யாரோ தோளைத் தட்டுகிறார்கள். பார்த்தால் டிரைவர். பஸ்ஸில் நான் ஒருத்திதான். கடைசி நிறுத்தம். எங்கள் நிறுத்தத்தைத் தாண்டி ஒன்பது நிறுத்தம் போய்விட்டேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பேன் போல, கன்னமெல்லாம் எச்சில்.

“இன்னைக்கு ரொம்ப வேலையாம்மா?” என்றார் டிரைவர். இல்லைங்க, எப்பவும் போலத்தான் என்றேன்.

திரும்பும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து வீட்டுக்கு வந்து சேர ஆறேகால். ஐந்து மணி நாற்காலி இன்று ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் கடையிலிருந்து வந்து சோறு வடித்திருந்தார். மகளுக்கு நான் சொன்ன கதையை நம்பவே முடியவில்லை. தட்டு வைத்துக்கொண்டே, கடைசி நிறுத்தத்தில் என்னம்மா இருக்கு என்று கேட்டாள். இத்தனை வருஷம் அதே பஸ்ஸில் போய் வந்தும் நானும் இன்றுதான் பார்த்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு பழக்கடை, பெரிய மரம் ஒன்று. அடியில் சிமென்ட் பெஞ்சு. நிழல் நன்றாக இருந்தது.